ரிப்போர்ட் யாருடையது?

தாம்பரத்தில் பஸ் ஏறி, ஜன்னலோர சீட் கிடைத்தால், பல்லாவரம் வரைக்கும் போர்டுகளை மட்டும் படித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் நகைக்கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் அடுத்தபடியாகக் கண்ணில் படுவது லேப் போர்டுகள்தான். ஃபுல் பாடி செக்கப், மாஸ்டர் செக்கப், சீனியர் சிட்டிசன் செக்கப். ஆடித் தள்ளுபடி மாதிரி இதற்கும் தள்ளுபடி உண்டு. ஐம்பது தாண்டிய ஆண்களுக்கான பேக்கேஜ் என்றால் அதில் பெரும்பாலும் பி.எஸ்.ஏ. என்று ஒரு டெஸ்ட் ஒட்டிக்கொண்டிருக்கும். எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாக்கிங் போகிற மாமாக்களுக்கு அதை ஓடி ஓடி விற்கிறார்கள். அந்த டெஸ்ட்டின் எண் உண்மையிலேயே பேசுவது வேறு ஆட்களிடம். புராஸ்டேட் புற்றுநோய் எலும்பு வரைக்கும் பரவிப்போன தாத்தாக்களிடம். அவர்களிடம் மட்டும் அந்த எண்ணை யாரும் படித்துக் காட்டுவதில்லை. என் கோபம் இதுதான்.

"பி.காம். படிக்கிற உனக்கெதுக்குடா டாக்டர் வேலை?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில். ஒரு எண் எப்படி உருவானது, அதை எதோடு ஒப்பிட வேண்டும், அதைப் பார்க்க யாருக்கு உரிமை என்ற மூன்று விஷயத்தைத்தான் மூன்று வருஷமாக எனக்குப் பாடம் நடத்துகிறார்கள். ரத்தம் தெரியாது. ரிப்போர்ட் கொஞ்சம் தெரியும்.

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பி தயாரிக்கிற ஒரு புரதம். கொஞ்சம் ரத்தத்தில் கசியும். சுரப்பி வயசுக்கு ஏற்ப வீங்கினாலும் கூடும், சிறுநீர்த் தொற்று வந்தாலும் கூடும், புற்றுநோய் வந்தாலும் கூடும். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 1986-ல் இதற்கு முதலில் அனுமதி கொடுத்தது ஒரே வேலைக்கு: ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவரின் போக்கைக் கவனிக்க. நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க உதவும் டெஸ்ட்டாக 1994-ல்தான் அனுமதி வந்தது. அப்புறம் நடந்த கூத்து ஊரறிந்தது. புராஸ்டேட் ஆன்டிஜென் ஆராய்ச்சியில் முன்னோடியான ரிச்சர்ட் ஆப்ளின் என்பவரே 2010-ல் நியூயார்க் டைம்ஸில், எல்லாருக்கும் இந்த டெஸ்ட்டை எடுப்பது பெரும் செலவு பிடிக்கிற பொதுச் சுகாதாரப் பேரழிவு என்கிற ரீதியில் எழுதினார். 2012-ல் அமெரிக்கத் தடுப்புநலப் பணிக்குழு, நலமாக இருப்பவர்களுக்கு இந்த ஸ்க்ரீனிங்கே வேண்டாம் என்றது. 2018-ல் கொஞ்சம் இறங்கி வந்து, 55 முதல் 69 வயது வரை டாக்டரோடு பேசி முடிவெடுங்கள், 70-க்கு மேல் வேண்டாம் என்றது. நம்மூர் பேக்கேஜில் பேச்சும் கிடையாது, முடிவும் கிடையாது. ஊசி, பில், வாட்ஸப்பில் பி.டி.எஃப்.

ஸ்க்ரீனிங் சரியா தப்பா என்ற சண்டையை இதோடு விடுகிறேன். அதற்குப் பக்கம் பக்கமாக எழுத ஆட்கள் இருக்கிறார்கள். என் விஷயம் முற்றிய நோய்.

இந்தியாவில் வருஷத்துக்குச் சுமார் 38,000 பேருக்குப் புதிதாகப் புராஸ்டேட் புற்றுநோய் வருவதாக 2022-க்கான உலகக் கணக்கு சொல்கிறது. அதில் பெரும் பங்கு ஆட்கள் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும்போதே நோய் பரவியிருக்கிறது. அரசின் பரிசோதனைத் திட்டங்கள் வாய், மார்பகம், கருப்பைவாய் என்று மூன்றைத்தான் தேடுகின்றன. வயதான ஆணுக்கு இடுப்பு வலித்தால் வீட்டில் முதலில் வருவது தைலம். ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போனால் "வயசாச்சுல்ல". முதுகெலும்பில் உட்கார்ந்த பிறகுதான் ஸ்கேன். 2020-ல் உலகம் முழுக்க 14 லட்சமாக இருந்த புதிய நோயாளிகள் 2040-ல் 29 லட்சமாவார்கள் என்று லான்செட் கமிஷன் 2024-ல் எச்சரித்ததே, அந்தக் கூடுதலில் பெரும்பகுதி நம்மைப் போன்ற நாடுகளில்தான்.

இந்த முற்றிய நோய்க்கும் ரத்த எண்ணுக்கும் உறவு நேற்று வந்ததில்லை. புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களின் ரத்தத்தில் ஆசிட் பாஸ்பேட்டேஸ் என்ற நொதி ஏறுகிறது என்று 1938-ல் நியூயார்க்கில் கண்டார்கள். 1941-ல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் இப்படிப்பட்ட நோயாளிகளின் விதைகளை அகற்றினார். ஆண் ஹார்மோன் நின்றதும் அந்த நொதி சரசரவென இறங்கியது, நோயாளியின் வலியும் இறங்கியது. வைத்தியம் வேலை செய்கிறதா என்பதை உடம்பைக் கிழித்துப் பார்க்காமல் ஒரு டியூப் ரத்தத்தில் பார்க்க முடிந்தது. அவருக்கு 1966-ல் நோபல் கொடுத்தார்கள். இன்றைக்கும் இந்த நோய்க்கு அஸ்திவார வைத்தியம் அதேதான், ஆபரேஷனுக்குப் பதில் ஊசி என்று ஒரு வழி கூடியிருக்கிறது, அவ்வளவே.

இப்போது மெயின் விஷயம். 2006-ல் மஹா ஹுசைன் என்ற டாக்டரும் அவர் குழுவும் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். நோய் பரவிய நிலையில் ஹார்மோன் வைத்தியம் தொடங்கிய ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். ஏழாவது மாதம் பி.எஸ்.ஏ. எவ்வளவு என்று மட்டும் பார்த்தார்கள். 0.2 அல்லது அதற்குக் கீழே வந்தவர்களில் பாதிப் பேர் 75 மாதங்களைத் தாண்டினார்கள். 0.2-க்கு மேல் 4 வரை நின்றவர்களுக்கு அந்த அளவு 44 மாதம். 4-க்கும் மேலேயே நின்றவர்களுக்கு 13 மாதம். ஆறு வருஷத்துக்கும் ஒரு வருஷத்துக்கும் உள்ள வித்தியாசம், சில நூறு ரூபாய் டெஸ்ட்டில். புது மாத்திரைகள் வந்த பிறகு இந்த மாதங்களை அப்படியே இன்றைக்கு ஒட்ட முடியாது, எல்லாமே கூடியிருக்கிறது. ஆனால் வரிசை மாறவில்லை. ஏழாம் மாதம் தரை தட்டியவர் நன்றாக இருக்கிறார், தட்டாதவருக்குச் சீக்கிரம் வேறு ஏதாவது யோசிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருந்தார். சேலையூர் பக்கம். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு பேங்கில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவர். நோய் எலும்புக்குப் பரவிய பிறகுதான் தெரிந்தது. அவர் மகன் ஒரு நாள் மஞ்சப்பை நிறைய ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து, "நீ காமர்ஸ்தானப்பா, எக்ஸெல்ல வரிசையா போட்டுக் குடு" என்றார். போட்டேன். பதினான்கு ரிப்போர்ட், நாலு லேப். முதல் பி.எஸ்.ஏ. 312. ஏழாவது மாதம் 9. அவர் போன மருத்துவமனையில் அன்றைக்கு "சூப்பரா குறைஞ்சிருக்கு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் பாயசம். 97 சதவீதம் குறைவுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தள்ளுபடி எத்தனை சதவீதம் என்று பார்த்துப் புடவை வாங்குகிறவருக்கும் பில்லில் மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கிறவருக்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா? இங்கே மிச்சம் 9. மேலே சொன்ன மூன்று வரிசையில் அது எந்த வரிசை என்று நீங்களே பாருங்கள்.

அதன் பிறகு 18. அதன் பிறகு 37. ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரட்டிப்பு. மாதம் பத்து வட்டி வாங்குகிற கந்துவட்டிக்காரனிடம்கூட, வட்டிக்கு வட்டி போட்டால், கடன் இரட்டிக்க ஏழு மாதத்துக்கு மேல் ஆகும். இரட்டிப்புக் காலம் என்பது டாக்டர்களே பயன்படுத்துகிற அளவுகோல். ஹார்மோன் வைத்தியத்தை மீறி பி.எஸ்.ஏ. ஏறுகிறது, ஆனால் ஸ்கேனில் பரவல் இன்னும் தெரியவில்லை என்ற கட்டத்தில் உள்ளவர்களுக்குப் புது மாத்திரைகளைச் சோதித்த பெரிய ஆய்வுகளில், பத்து மாதத்துக்குள் இரட்டிக்கிறதா என்பதைத்தான் உள்ளே சேர்க்கும் தகுதியாக வைத்தார்கள். தாத்தாவின் மஞ்சப்பையில் இரட்டிப்புக்கான எண்கள் எல்லாம் இருந்தன. கழித்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

சார்ட்டை எடுத்துக்கொண்டு போனபோது அவரே கதவைத் திறந்தார். "தம்பி, இது பாஸ் மார்க்கா, ஃபெயில் மார்க்கா?" பின்னாலிருந்து மகன் கண்ணைக் காட்டினார். பேச்சு காபிக்கு மாறிவிட்டது. வாழ்நாள் முழுக்க அடுத்தவன் பணத்தைப் பைசா பிசகாமல் எண்ணிக் கொடுத்த மனுஷனை, தன் உடம்பின் ஒரு எண்ணைத் தாங்கமாட்டார் என்று முடிவு செய்தது யார்? காசிக்குப் போக வேண்டும் என்று அவர் சொல்லும்போதெல்லாம் "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்பா". முடிச்சூர் பக்கம் இருந்த ஒரு கிரவுண்டைப் பிள்ளைகளுக்குப் பிரித்து எழுதணும் என்று அவர் ஆரம்பித்தாலே "இப்ப என்ன அவசரம்". அடுத்த வருஷம் வரவில்லை. இப்போது அந்த ஒரு கிரவுண்டுக்காக வாரிசுச் சான்றிதழ், பட்டா என்று மூன்று வீட்டு ஆட்கள் தாலுகா ஆபீஸ் படியேறிக்கொண்டிருக்கிறார்கள், மூன்று பேரும் தனித்தனியாக.

சரி, மறுபடி எண்களுக்கு வருவோம். பி.எஸ்.ஏ. ஒன்றை மட்டும் பார்த்தால் போதுமா? போதாது. சூசன் ஹலாபி என்ற புள்ளியியலாளர் 2003-லும், பின்பு 2014-லும், ஹார்மோன் வைத்தியத்தை மீறிய நோயில் யார் எவ்வளவு காலம் இருப்பார்கள் என்று கணிக்க ஒரு கணக்கு போட்டார். 2014 கணக்கில் இருப்பது எட்டு விஷயம். நோயாளி எவ்வளவு நடமாடுகிறார், நோய் எங்கே பரவியிருக்கிறது, மார்ஃபின் மாதிரி வலி மருந்து தேவைப்படுகிறதா என்பது மூன்று. மீதி ஐந்தும் ரத்தம்: பி.எஸ்.ஏ., ஹீமோகுளோபின், ஆல்புமின், ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ், எல்.டி.எச். கவனித்தீர்களா? பி.எஸ்.ஏ. தவிர மற்ற நாலும் எந்தத் தெருமுனை லேபிலும் கிடைக்கிற பழைய டெஸ்ட்டுகள். ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் ஏறினால் எலும்பில் வேலை நடக்கிறது (கல்லீரலிலிருந்தும் வரலாம், அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்). எல்.டி.எச். ஏறினால் செல்கள் வேகமாகப் பெருகி அழிகின்றன. ஹீமோகுளோபின் இறங்கினால் எலும்பு மஜ்ஜையில் இடம் பறிபோகிறது.

ஒரே எண்ணை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்த கதை சத்யம். 2009 ஜனவரியில் ராமலிங்க ராஜுவே கடிதம் எழுதி, பேங்கில் இருப்பதாகக் காட்டிய 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொள்கிற வரைக்கும் புத்தகத்தில் கேஷ் பேலன்ஸ் பிரமாதமாக இருந்தது. புராஸ்டேட் புற்றுநோயிலும் இப்படி ஒரு வகை உண்டு. நீண்ட வைத்தியத்துக்குப் பிறகு சில செல்கள் குணம் மாறி, பி.எஸ்.ஏ. தயாரிப்பதையே விட்டுவிடும். எண் அழகாகக் கீழே கிடக்கும், நோய் கல்லீரல் வரைக்கும் போயிருக்கும். அந்த நேரத்தில் எல்.டி.எச்.சும் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸும் கூட இருந்தால் குட்டு வெளிப்பட வாய்ப்புண்டு.

இன்னொரு அநியாயம், அந்த நாலு லேப். அக்கவுன்டிங் ஸ்டாண்டர்டு ஒன்றில் மூன்று அடிப்படை அனுமானங்கள் சொல்லிக்கொடுப்பார்கள்: கோயிங் கன்சர்ன், கன்சிஸ்டன்சி, அக்ரூவல். இரண்டாவதற்கு அர்த்தம், கணக்குப் போடுகிற முறையை இஷ்டத்துக்கு மாற்றாதே, மாற்றினால் போன வருஷத்தோடு ஒப்பிட முடியாது. பி.எஸ்.ஏ. அளக்கும் கிட்டுகள் எல்லாம் ஒரே அளவுகோலில் அளப்பதில்லை. ஒரே ரத்தத்துக்கு இரண்டு கிட்டில் இரண்டு எண் வரும், இருபது சதவீதம் தாண்டிக்கூட. ஆஃபர் எங்கே இருக்கிறதோ அங்கே ரத்தம் கொடுத்துவிட்டு, ஏறியதா இறங்கியதா என்று ராத்திரி தூங்காமல் புரள்கிற குடும்பங்களிடம் "ஒரே லேபில் எடுங்க" என்ற மூன்று வார்த்தையை யாரும் சொல்வதில்லை. வீக்கத்துக்காக ஃபினாஸ்டிரைடு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு பி.எஸ்.ஏ. பாதியாகத் தெரியும் என்பதையும் ரிப்போர்ட் சொல்லாது. எல்.டி.எச். கதை இன்னும் வேடிக்கை. சிவப்பணுக்களுக்குள் எல்.டி.எச். கொட்டிக் கிடக்கிறது. மாடம்பாக்கம் கலெக்‌ஷன் சென்டரில் எடுத்த ரத்தம், மே மாத வெயிலில் பைக்கில், மெயின் லேபுக்குக் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்வதற்குள் சில அணுக்கள் உடைந்தால் போதும், எண் எகிறும். நோயாளிக்கு நோய் முற்றவில்லை, டியூபுக்குத்தான் முற்றியிருக்கிறது.

புது வைத்தியம் தொடங்கிய முதல் 12 வாரத்துக்குள் பி.எஸ்.ஏ. ஏறினால் அதை மட்டும் வைத்து மருந்தை நிறுத்தாதே என்பது உலக அளவில் இந்தத் துறை ஆட்கள் ஒப்புக்கொண்ட விதி. சில பேருக்கு முதலில் ஏறி அப்புறம் இறங்கும். இதையும் நான் தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன், எந்த ரிப்போர்ட்டின் அடியிலும் அச்சடித்திருக்கவில்லை. அடியில் அச்சடித்திருப்பது அடுத்த பேக்கேஜின் விளம்பரம்.

இனி விலை உயர்ந்த டெஸ்ட்டுகள். இங்கேதான் வியாபாரம் அடுத்த ரவுண்டு ஆரம்பித்திருக்கிறது. "ரத்தத்திலேயே புற்றுநோயைப் படித்துவிடுவோம்" என்கிறார்கள். படிக்க முடியும், பொய்யில்லை. ரத்தத்தில் சுற்றுகிற புற்றுச் செல்களை எண்ணும் டெஸ்ட்டை முற்றிய புராஸ்டேட் நோய்க்கு 2008-ல் எஃப்.டி.ஏ. ஒப்புக்கொண்டது. ஏழரை மில்லி ரத்தத்தில் ஐந்துக்குக் கீழே இருந்தவர்கள் சராசரியாக 21.7 மாதம், ஐந்தும் அதற்கு மேலும் இருந்தவர்கள் 11.5 மாதம். நல்ல கணிப்பு. ஆனால் கணிப்பு வேறு, வழிகாட்டுதல் வேறு. கிரெடிட் ரேட்டிங் ஒரு கம்பெனி கடனைக் கட்டுமா கட்டாதா என்று சொல்லும். எந்தத் தொழிலை மாற்றினால் பிழைக்கும் என்று சொல்லாது. மார்பகப் புற்றுநோயில் இதே செல் எண்ணிக்கை இறங்கவில்லை என்றால் கீமோவை உடனே மாற்றிப் பார்ப்போம் என்று ஒரு ஆய்வு செய்து 2014-ல் முடிவு சொன்னார்கள்: மாற்றியதால் ஆயுள் கூடவில்லை. தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறோம் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத டெஸ்ட்டுக்கு ஒரு குடும்பம் ஏன் பல ஆயிரம் கொடுக்க வேண்டும்?

வழிகாட்டுகிற மார்க்கரும் இருக்கிறது. 2014-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இம்மானுவேல் அன்டோனராகிஸ் குழு ஏ.ஆர்.-வி7 என்ற ஒன்றை ரத்தத்தில் தேடியது. 62 நோயாளிகள், பாதிப் பேர் என்சாலுடமைடு, பாதிப் பேர் அபிராடிரோன். அந்த மார்க்கர் இருந்தவர்களில் ஒருவருக்குக்கூட பி.எஸ்.ஏ. பாதியாகக் குறையவில்லை. இல்லாதவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் குறைந்தது. இது காசுள்ள தகவல், ஏனென்றால் இந்த மாத்திரை வேண்டாம், டோசிடாக்சல் கீமோவுக்குப் போ என்று கை காட்டுகிறது. அதேபோல பி.ஆர்.சி.ஏ. மரபணுக் கோளாறு இருப்பவர்களுக்கு 2020-ல் ஒலாபரிப் மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது, அந்தக் கோளாறை ரத்தத்திலேயே பார்க்கிற டெஸ்ட்டும் அதே வருஷம் வந்தது. மாத்திரை வாங்க வழியிருந்தால் டெஸ்ட்டுக்கு அர்த்தம் உண்டு. வழியில்லாதவரிடம் டெஸ்ட்டை மட்டும் விற்பது, ஹோட்டல் வாசலில் மெனு கார்டை விலைக்கு விற்பது மாதிரி.

ஏ.ஆர்.-வி7 டெஸ்ட் கைக்கெட்டாத நம் ஆட்களுக்கு என்ன வழி? மாத்திரையைக் கொடுத்து, 12 வாரம் கழித்து, அதே லேபில் பி.எஸ்.ஏ. பார்ப்பது. அதுதான் ஏழையின் ஏ.ஆர்.-வி7. எண் அசையவில்லை என்றால் ஸ்கேனையும் உடம்பையும் பார்த்து டாக்டரோடு உட்கார்ந்து பேசு. இந்த மலிவு மார்க்கரை வைத்தே 2018-ல் இன்னொரு நல்ல காரியம் நடந்தது. அபிராடிரோன் 1000 மில்லிகிராம் வெறும் வயிற்றில் சாப்பிடுவதும், 250 மில்லிகிராம் கொழுப்பு குறைந்த காலை உணவோடு சாப்பிடுவதும் பி.எஸ்.ஏ.வை ஒரே மாதிரி இறக்குகின்றன என்று 72 பேரிடம் சோதித்துக் காட்டினார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் கால் பங்கு மாத்திரை என்றால் கால் பங்கு பில். எண்ணை நோயாளியின் பக்கம் நின்று படித்தால் இப்படியும் படிக்கலாம். (யாரும் இதைப் பார்த்து வீட்டில் மாத்திரையை உடைக்காதீர்கள். டாக்டரிடம் கேளுங்கள். கேட்க உரிமை இருக்கிறது.)

மருந்து விலையிலாவது 2019 பிப்ரவரியில் மத்திய அரசு 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வியாபார லாபம் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கடிவாளம் போட்டது. டெஸ்ட்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை. கொரோனாவின்போது 2020-ல் ஆர்.டி.-பி.சி.ஆர்.-க்குத் தமிழக அரசு விலை நிர்ணயித்ததே, மனசு வைத்தால் முடியும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இனி வழக்கமான மூன்று சமாதானங்கள். ஒன்று, "சராசரி எண்ணைச் சொல்லிப் பயமுறுத்துவதா?" நியாயமான கேள்வி. ஸ்டீஃபன் ஜே கோல்ட் என்ற அறிவியல் எழுத்தாளருக்கு 1982-ல் ஒரு அரிய புற்றுநோய் வந்தது. நடுமதிப்பு எட்டு மாதம் என்று புத்தகம் சொன்னது. அவர் இருபது வருஷம் இருந்தார். நடுமதிப்பு என்றால் பாதிப் பேர் அதைத் தாண்டுகிறார்கள் என்று எழுதியும் வைத்தார். ஆனால் அவர் அதை எழுத முடிந்ததே அந்த எண் அவரிடம் இருந்ததால்தான். லைப்ரரியில் தேடி அவரே படித்தார். அவர் மகன் ஒளித்துவைக்கவில்லை.

இரண்டு, "டாக்டருக்கு நேரம் எங்கே?" உண்மை. அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில் ஒரு காலையில் வரிசை எவ்வளவு நீளம் என்று நின்றவர்களுக்குத் தெரியும். டாக்டரைத் திட்ட நான் வரவில்லை.

மூன்றாவதுதான் எனக்கு எரிச்சல். "நம்ம ஜனங்களுக்குப் புரியாதுங்க." இதைச் சொல்கிறவர்கள் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் ஒரு தடவை இறங்க வேண்டும். அந்த ஸ்டேஷனுக்குப் பெயர் கொடுத்த ஆஸ்பத்திரி, 1928-ல் காசநோய்க்காக ஆரம்பித்தது. 2004 ஏப்ரல் 1-ம் தேதி இந்தியாவில் எச்.ஐ.வி.க்கு இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கியபோது முதல் எட்டு இடங்களில் அதுவும் ஒன்று. நான் பிறந்த சமயம். அன்றைக்கு மருந்து ஆரம்பிக்கலாமா வேண்டாமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது ஒரு ரத்த எண்: சி.டி.4. 200-க்குக் கீழே போனால் மருந்து. லாரி டிரைவர், கட்டட வேலை செய்கிற அம்மா, கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டி, எல்லாருக்கும் அந்த எண்ணைத் தமிழில் உட்காரவைத்து விளக்க ஆலோசகர்களைப் போட்டார்கள். டாக்டரின் நேரம் போகவில்லை. ஊரே முகம் சுளித்த ஒரு நோய்க்கு, வீட்டாருக்கே தெரியாமல் தனியாக வந்த ஆட்களுக்கு, அவரவர் எண் அவரவர் கையில். 2017-ல் சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் மருந்து உண்டு என்று விதி மாறிவிட்டது. ஆனால் எண்ணை விளக்கினால் புரியும் என்பதை இதே தாம்பரத்தில் நிரூபித்தாகிவிட்டது. அந்த ஜனங்களுக்கு 200 புரிந்தது. ரிட்டயர்டு கேஷியருக்கு 9 புரியாதா?

ஆகவே கேட்பது ரொம்பச் சின்னது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையிலோ சொந்தக் காசிலோ முற்றிய புராஸ்டேட் நோய்க்கு வைத்தியம் தொடங்குகிற ஒவ்வொருவரின் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அந்த ஐந்து ரத்த எண்களும் தமிழில் ஒரு பக்கமாக அச்சாகட்டும். ஏழாவது மாதத்துக்கு ஒரு அப்பாயின்ட்மென்ட், ஆலோசகரோடு, நோயாளி பெயரில். "தெரிஞ்சுக்க விரும்புறீங்களா, உங்க கூட யார் இருக்கணும்?" என்று முதலில் அவரையே கேட்கட்டும். வேண்டாம் என்று சொன்னால் அதுவும் அவர் உரிமை. இப்போது அந்தக் கேள்வியே மகனிடம்தான் கேட்கப்படுகிறது, அதுவும் காரிடாரில் வைத்து.

பி.கு.: உங்கள் வீட்டில் இப்படி ஒரு மஞ்சப்பை இருந்தால், தேதி, லேப் பெயர், பி.எஸ்.ஏ., ஹீமோகுளோபின், ஆல்புமின், ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ், எல்.டி.எச்., அப்போது ஓடிக்கொண்டிருந்த மருந்து என்று எட்டு காலம் போட்டு ஒரு பழைய நோட்டில் எழுதுங்கள். எக்ஸெல் எல்லாம் வேண்டாம். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டு தாத்தா கையில் இருக்கட்டும்.